தூசி அடங்கும் வரை: கெரிட் டௌவின் ஊரில் ஐந்து நாள்

நவம்பர் 5, புதன். லெய்டன்

காலை ஒன்பது மணிக்கும் வானம் இருண்டே கிடக்கிறது. குடையை விரித்தால் காற்று அதைத் திருப்பிப் போடுகிறது. ஊர்க்காரர் யாரும் குடை பிடிப்பதில்லை. தொப்பி வைத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சிவப்புத் தளம் போட்ட பாதை சைக்கிளுக்கு உரியது. அதில் நின்று வழி பார்த்தால் மணியடித்தபடி மேலேயே வந்துவிடுவார்கள். ஆனால் திட்டுவதில்லை, மணியோடு சரி.

தமிழருக்கு லெய்டன் என்றால் ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ராஜராஜன் விட்ட நிவந்தத்தைச் சொல்லும் 21 ஏடுகளும் இந்த ஊர்ப் பெயராலேயே லெய்டன் செப்பேடுகள் ஆகிவிட்டன. ஆனால் இந்தப் பயணம் வேறொருவருக்காக: ஓவியர் கெரிட் டௌ. 1613இல் இங்கே கண்ணாடி வேலைக்காரர் வீட்டில் பிறந்து, 1675இல் இங்கேயே மண்ணுக்குள் போனவர். ரெம்பிராண்ட் என்ற பெயரை உலகம் அறியும். அவரிடம் 1628 பிப்ரவரியில் 14 வயதில் மாணவனாகச் சேர்ந்த இந்தப் பையனை ஓவியம் படித்தவர்களைத் தவிர அதிகம் பேர் அறிய மாட்டார்கள். 18ஆம் நூற்றாண்டிலோ ஏலத்தில் குருவின் படங்களைவிடச் சீடனின் படங்களுக்கு விலை அதிகம்.

நியூவ ரைன் கால்வாய்க் கரையில் புதனும் சனியும் சந்தை. ஹேரிங் மீன் ஒன்று 4 யூரோ. செவுளும் குடலும் எடுத்து லேசாக உப்பில் ஊறியது, அடுப்பைப் பார்க்காதது. மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம். ஜூனில் பிடித்து உறையவைத்ததைத்தான் இப்போது விற்கிறார்கள் என்று கடைக்காரப் பெண்மணி கேட்காமலே சொன்னார். அடுத்த கடையில் லெய்டன் பாலாடைக்கட்டி. கொழுப்பு பாதி எடுத்த பாலில் செய்வதால் கெட்டி. உள்ளே சீரகம், நம் சீரகமேதான். கட்டியாக வெட்டித் தின்றால் வறவறவென்று இருக்கும், சீவித் தின்ன வேண்டும். ஒரு சீவல் ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு, வாங்கச் சொல்லி வற்புறுத்தாமல் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

மதியம் கால்கவாட்டர் கரை. டௌவின் பட்டறை இந்த நீரோட்டத்தை ஒட்டி இருந்தது. ரெம்பிராண்ட் பிறந்த வெட்டஸ்டேக் சந்து இங்கிருந்து கூப்பிடு தூரம், இப்போது பெயர்க்கல் மட்டும். 1675இல் வெளிவந்த தன் நூலில் இந்தப் பட்டறையைப் பற்றி எழுதியவர் ஜெர்மானிய ஓவியர் யோவாகிம் ஃபான் சாண்ட்ரார்ட். பெரிய அறை, அசையாத நீரைப் பார்த்த உயரமான வடக்கு ஜன்னல். வடக்கு ஏன் என்றால், இந்த அட்சரேகையில் அந்தப் பக்கம் நேர் வெயில் நுழையாது. நிழல் காலையும் மாலையும் இடம் மாறாமல் கிடக்கும். ஒரு கையை நாள் கணக்கில் வரைகிறவனுக்கு முதல் தேவை அதுதான். தெருவுக்குப் பதில் நீர் இருப்பதில் இன்னொரு லாபம்: வண்டி ஓடாது, புழுதி எழாது.

நவம்பர் 6, வியாழன். லெய்டன்

இரவெல்லாம் மழை. காலையில் 6 டிகிரி.

பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் டௌவை அடக்கம் செய்தார்கள். இன்னொரு லெய்டன் ஓவியரான யான் ஸ்டேனும் இங்கேதான். உள்ளே நாற்காலி வரிசை கிடையாது, கல் பாவிய வெற்றுத்தளம், வெள்ளைச் சுவர். தளம் முழுக்கக் கல்லறைக் கற்கள், நடப்பதே அவற்றின் மேல்தான். வாசலில் இருந்த வயதான தன்னார்வலர் ஒருவர் எங்கிருந்து வருகிறோம் என்றுகூடக் கேட்காமல் ஒரு தூண் வரை கூட்டிக்கொண்டு போய், ஜன்னல் வெளிச்சம் கல்லில் விழும் இடத்தைக் காட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு லாக்கன்ஹால். 1640இல் கட்டிய துணிமாளிகை. லெய்டன் கம்பளித் துணியை இங்கே விரித்துத் தரம் பார்த்து ஈயமுத்திரை குத்துவார்கள். இப்போது ஊரின் அருங்காட்சியகம். டௌ வழியில் வந்தவர்களை டச்சில் ஃபைன்ஸ்கில்டர், நுண்ணோவியர் என்கிறார்கள். 1648இல் லெய்டன் ஓவியர்கள் தனிச் சங்கம் அமைத்தபோது முதலில் சேர்ந்தவர்களில் டௌவும் ஒருவர்.

நுண்ணோவியம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தருகே நீட்டினால் காவலர் உடனே வந்துவிடுவார். 8 மடங்கு பெருக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி போதும். அரை மீட்டர் வரை குவிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், பலவும் 2 மீட்டருக்குக் கீழே குவியாது. குளிரிலிருந்து உள்ளே வந்ததும் லென்ஸ் பனித்துப்போகும். துடைத்தால் மறுபடி பனிக்கும். பத்து நிமிடம் கையிலேயே வைத்திருங்கள், தானே தெளியும். படத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் நின்றால் மேல்பூச்சின் பளபளப்பு விலகி, உள்ளே இருக்கும் வண்ணம் தெரியும்.

படங்கள் பெரும்பாலும் மரப்பலகையில். துணியில் தீட்டினால் நூலின் மேடுபள்ளம் வண்ணத்தைத் துளைத்துக்கொண்டு வரும், கண் இமை வரையும் வேலைக்கு அது ஆகாது. பால்டிக் கரையிலிருந்து வந்த ஓக் மரம்தான் வழக்கம். அடிமரத்தின் நடுவிலிருந்து ஆரம் போல அறுத்த பலகையையே எடுப்பார்கள். ஈரத்தில் மரம் ஆரவாக்கில் விரியும் அளவு, சுற்றுவட்டமாக விரிவதில் ஏறத்தாழ பாதிதான். தப்பாக அறுத்த பலகை வளையும். வளைந்தால் வண்ணம் இழைவாக்கில் வெடிக்கும். பலகைமேல் மிருகப் பசையில் குழைத்த சுண்ணம், காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி பூச்சு. மரத்துளை எல்லாம் அடைபட்ட பின் எண்ணெயில் குழைத்த ஈயவெள்ளையோடு துளி பழுப்பு கலந்து ஒரு மெல்லிய தளம். இதற்குப் பின்தான் ஓவியம் தொடங்கும்.

இரவு ஹுட்ஸ்பொட்: உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் மூன்றையும் வேகவைத்து மசித்தது, மேலே மாட்டிறைச்சித் துண்டு. 17 யூரோ. 1574இல் ஸ்பானியப் படை முற்றுகையை விட்டு ஓடியபோது பாசறையில் விட்டுப்போன பானையில் இருந்ததாம். அப்போது உருளைக்கிழங்கு இங்கே வரவில்லை, வேறு கிழங்கு. உப்பைத் தவிர வேறு காரசாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குளிருக்கு வயிறு கேட்டது அதைத்தான்.

நவம்பர் 7, வெள்ளி. ஹேக்

லெய்டனிலிருந்து ஹேக் ரயிலில் கால் மணி நேரம். இன்று காற்றினால் இரண்டு ரயில் ரத்து, மூன்றாவது வேறு நடைமேடைக்கு மாறிவிட்டது. அறிவிப்பு டச்சில் மட்டும். கேட்காமலே ஒரு கல்லூரிப் பெண் திரும்பி, “ஐந்தாம் நடைமேடை, ஓடுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவளும் ஓடினாள். ஒரு மணி நேரம் போனது.

மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் எல்லோரும் வெர்மீரின் ‘முத்துக்காதணிப் பெண்’ ஓவியத்தை நோக்கிப் போகிறார்கள். அதனால் டௌவின் ‘இளம் தாய்’ முன்னால் இடம் தாராளம். 1658இல் வரைந்தது, உயரம் 73.5 செ.மீ. 1660இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கு டச்சு அரசு பரிசாக அனுப்பிய படங்களில் இதுவும் போனது. பிறகு இங்கிலாந்து அரசரான டச்சுக்காரர் மூன்றாம் வில்லியம் அதைத் திரும்ப டச்சு மண்ணுக்குக் கொண்டுவந்தார். உயர்ந்த அறை, இடப்புற ஜன்னல், தைத்துக்கொண்டிருக்கும் தாய், பிரம்புத் தொட்டிலில் குழந்தை, மேலே தொங்கும் பித்தளைச் சரவிளக்கு. பிரம்புப் பின்னலைக் குழல் வழியே பாருங்கள். ஒவ்வொரு பிரம்புக்கும் வெளிச்சப் பக்கம் ஒரு கீற்று, நிழல் பக்கம் ஒரு கீற்று. ஆனால் ஜன்னலைவிட்டு விலக விலகக் கீற்றின் வெளிச்சம் படிப்படியாகக் குறைகிறது. எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் வரைந்த பட்டியல் என்று டௌவைக் குறை சொல்பவர்கள் இந்தத் தொட்டிலைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன்.

எப்படி வேலை செய்தார் என்பதற்கு சாண்ட்ரார்ட் நேரில் கண்ட சாட்சி. நகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு துடைப்பக்கட்டையை வியந்து பாராட்டினாராம். இன்னும் மூன்று நாள் வேலை பாக்கி இருக்கிறது என்றாராம் டௌ. ஸ்பீரிங் என்ற கனவானின் மனைவியை வரையும்போது ஒரு கையின் அடிப்பூச்சுக்கு மட்டும் ஐந்து நாள். உட்கார்ந்து உட்கார்ந்து முகம் சலித்துப்போவதால் உருவப்படம் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அதே ஸ்பீரிங்கோ, புதுப் படங்களைத் தனக்கே முதலில் காட்ட வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கு 500 கில்டர் (பழைய டச்சு நாணயம்) கொடுத்துவந்தார். படத்தின் விலை அதில் சேராது.

மெதுவுக்குக் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல, எண்ணெய். ஆளி எண்ணெயும் வால்நட் எண்ணெயும் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகின்றன. ஈயவெள்ளை கலந்த பூச்சு ஓரிரு நாளில் இறுகும். எலும்புக்கரிக் கறுப்பும் செஞ்சாயங்களும் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். கீழ்ப்பூச்சு காயாமல் மேலே தீட்டினால் தூரிகை இரண்டையும் கலக்கிச் சேறாக்கும். காய்ந்துவிட்டது போல் தோன்றும் நேரத்தில் எண்ணெய் குறைந்த பூச்சை மேலே போட்டால், அது முந்திக்கொண்டு இறுகி, அடியில் இருப்பது நகரும்போது பிளக்கும்.

பிசுபிசுப்பான நேரத்தில் விழும் தூசிதான் பெரிய எதிரி. டௌ அறைக்குள் வந்ததும் அசையாமல் உட்கார்ந்து, எழுந்த தூசி எல்லாம் அடங்கிய பிறகுதான் பெட்டியைத் திறந்து வண்ணத்தட்டை மெல்ல எடுப்பாராம். வண்ணத்தைக் கண்ணாடிமேல் தானே அரைப்பார், தூரிகையும் சொந்தத் தயாரிப்பு. தலைக்கு மேலே ஒரு குடை. இதைக் கிறுக்கு என்று எழுதியவர்கள் உண்டு. ரெம்பிராண்டின் தடித்த பூச்சில் ஒரு துரும்பு விழுந்தால் யாருக்கும் தெரியாது. தூரிகைத் தடமே இல்லாத கண்ணாடி போன்ற பரப்பில் ஒரு நூலிழை விழுந்தால் கன்னத்தில் தழும்பு போல நிற்கும்.

இதே மாளிகையில் கரேல் ஃபப்ரீட்டியஸின் ‘தங்கக்குருவி’, 1654. அவரும் ரெம்பிராண்டின் மாணவர்தான். இறக்கையின் மஞ்சளை ஈரத்திலேயே ஓர் இழுப்பாக வைத்து, தூரிகையின் பின்முனையால் கீறிவிட்டிருக்கிறார். ஒரே ஆசிரியரிடமிருந்து இப்படி இரண்டு கை. குருவியிடமிருந்து சில அடி நடந்தால் ஃபிரான்ஸ் ஃபான் மீரிஸின் ‘குமிழி ஊதும் சிறுவன்’, 1663. ஃபான் மீரிஸ் டௌவின் மாணவர், ‘என் சீடர்களில் இளவரசன்’ என்று அவரை டௌ சொன்னதாகப் பேர். கல்வளைவு ஜன்னல், அதற்குள் ஆள், கீழே கல்விளிம்பு: முழுக்க டௌ பழக்கிவிட்ட அமைப்பு.

மதியச் சாப்பாடு சுரிநாம் ரொட்டி, 11 யூரோ. கடலைப்பருப்புப் பொடி உள்ளே வைத்துச் சுட்ட பெரிய ரொட்டி, உருளைக்கிழங்கு, கோழி, நீளக் காராமணிக்காய். 1873 முதல் உத்தரப் பிரதேசம், பிகார் பக்கமிருந்து சுரிநாமுக்குக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய. கடைக்காரர் கரண்டியை எடுத்து வைத்தார், கையால் சாப்பிடுவதைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டு இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினார். காசு வாங்கவில்லை.

நவம்பர் 8, சனி. ஆம்ஸ்டர்டாம்

ரெம்பிராண்ட் 1639இல் 13,000 கில்டருக்கு வாங்கி, 1656இல் திவாலாகி இழந்த வீடு இப்போது அருங்காட்சியகம். டௌ இந்த வீட்டில் படித்ததில்லை. 1631, 32 வாக்கில் குரு லெய்டனைவிட்டுப் போனபோது சீடன் ஊரிலேயே தங்கிவிட்டான். ஆனால் ஒரு பட்டறை எப்படி நடந்தது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. மேல்மாடியில் மாணவர்களுக்குத் தடுப்பு கட்டிய சிறு சிறு இடங்கள்.

கட்டணமும் தெரியும். லெய்டனில் டௌவோடு படித்த இஸாக் டி யௌடர்வில் அரையாண்டுக்கு 50 கில்டர் கட்டிய ரசீதுகள் மிஞ்சியிருக்கின்றன. சாப்பாடும் படுக்கையும் வேறு செலவு. மாணவன் வரைந்ததை விற்கும் உரிமை ஆசிரியருக்கு.

வண்ணம் அரைத்துக் காட்டுகிறார்கள். கல்மேல் ஒரு குவியல் பொடி, நடுவில் குழி, அதில் கொஞ்சமாக எண்ணெய். தட்டையான அடியுள்ள கண்ணாடிக் குழவியால் எட்டு வடிவத்தில் இழுத்து இழுத்து அரைப்பது. அம்மி பழகியவர்கள் அழுத்திவிடுவார்கள், அங்கேதான் தப்பு. பொடியை நொறுக்குவது நோக்கமில்லை. ஒவ்வொரு துகளையும் எண்ணெய் சூழ வேண்டும். நறநறவென்ற சத்தம் நின்றால் பதம். எண்ணெய் அதிகமானால் பூச்சு பின்னாளில் மஞ்சளித்துச் சுருங்கும். ஸ்மால்ட் என்ற நீலக் கண்ணாடிப்பொடியை மட்டும் அதிகம் அரைக்கக் கூடாது, நேர்த்தியாக ஆக ஆக நீலம் வெளிறும். அந்த நீலம் எண்ணெயில் நூறாண்டுக்குள் சாம்பலாகிவிடும் என்பது வேறு கதை.

ஈயவெள்ளை செய்வதற்குச் சுருட்டிய ஈயத்தகடு, மண்கலயத்தில் காடி, சுற்றிலும் குதிரைச்சாணம். சாணம் சூட்டையும் கரியமிலவாயுவையும் தரும். சுமார் மூன்று மாதத்தில் தகட்டின்மேல் வெள்ளைப் படை. விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஆனால் இதைப்போல் உறுதியான, சீக்கிரம் இறுகும் வெள்ளை வேறு இல்லை. அணில் முடியை இறகுத் தண்டில் செருகினால் நுண்தூரிகை. நுனியை வெட்டவே கூடாது, முடியின் இயல்பான கூர்தான் கோட்டைத் தரும்.

வெளியே வந்தபோது ஐந்தரை மணிக்கே இருட்டு. பட்டாணி சூப் 8.50 யூரோ, கரண்டியை நட்டால் நிற்க வேண்டும் என்பது கணக்கு. நின்றது.

நவம்பர் 9, ஞாயிறு. ஆம்ஸ்டர்டாம்

ரைக்ஸ்மியூசியத்தில் பெரிய பையும் குடையும் உள்ளே போகாது. பொருள் வைக்கும் இடத்தில் இன்று அரைமணி வரிசை, கைப்பையோடு வந்தால் அது மிச்சம்.

முதலில் இரண்டு கிழவிகள். 1631இல் ரெம்பிராண்ட் வரைந்த படிக்கும் மூதாட்டி, அதையொட்டி 1631, 32 வாக்கில் டௌ வரைந்த படிக்கும் மூதாட்டி. டௌவினுடையது நெடுங்காலம் ரெம்பிராண்டின் கை என்றே நம்பப்பட்டது. ரெம்பிராண்டின் புத்தகத்தில் எழுத்து எழுத்தாக இல்லை, கோடுகளின் நடுக்கமாக இருக்கிறது. வெளிச்சமெல்லாம் பக்கத்தின்மேல் வைத்த கிழட்டுக் கைக்கு. டௌவின் புத்தகத்தை வாசிக்கவே முடிகிறது: லூக்கா 19ஆம் அதிகாரத்தின் தொடக்கம், மேலே படம். தாளின் கசங்கல், ஓரத்தின் அழுக்கு, கம்பளி உரோமம், உதட்டைச் சுற்றிய சுருக்கம், ஒன்றும் விடுபடவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் குருவின் படத்தைப் பார்த்துவிட்டு, அவர் மங்கலாக விட்ட இடத்தையெல்லாம் நிரப்பியிருக்கிறான். குருவைவிட மேலே போனான் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கையின் கனம் இந்தப் படத்தில் இல்லை. ஆனால் ரெம்பிராண்ட் எப்போது நிறுத்தினார் என்பதை யாருக்கும் சொல்லித்தர முடியாது. பலகை, தளம், டச்சில் டோட்வெர்ஃப், ‘பிணநிறம்’, எனப்படும் மங்கிய அடிப்பூச்சு, காய்வு, மேல்நிறம், காய்வு, கடைசியில் மெல்லிய ஒளிபுகும் பூச்சு: இந்த வரிசையைச் சொல்லித்தரலாம். டௌ சொல்லித்தந்தார். ஃபான் மீரிஸ், ஸ்லிங்கலாண்ட், ஸ்கால்கன் என்று அவருடைய மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் அடுத்த நூற்றாண்டு வரை அதே வரிசையில் வேலை செய்தார்கள். சிலர் செய்தது பளபளப்பு மட்டும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். தோலும் பட்டும் பீங்கானும் ஒரே மெருகில் வழுக்கும். வரிசையைக் கற்றவர்கள் தொட்டில் ஓரத்தில் வெளிச்சம் குறைவதைக் கவனிக்கக் கற்கவில்லை.

கடைசியாக ‘இரவுப் பள்ளி’, 1660களின் முற்பகுதி. சிறிய பலகை, பாதிக்கு மேல் இருட்டு. ஆசிரியர் மேசையில் ஒரு மெழுகுவர்த்தி, இடப்பக்கம் பெண்பிள்ளை ஒருத்தியிடம் ஒன்று, தரையில் துளைபோட்ட லாந்தர், தூரத்தில் இன்னொன்று. நாலு வெளிச்சத்துக்கும் நாலு உஷ்ணம். பக்கத்துச் சுடரில் கன்னம் ஆரஞ்சு, தூரத்துச் சுடரில் வெறும் பழுப்பு. சுடர் தன் ஆளை எவ்வளவு தூரம் தொடுகிறது என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாக அளந்திருக்கிறார். இத்தகைய படங்களைச் சுத்தம் செய்பவர்களுக்குக் கறுப்பும் பழுப்பும்தான் ஆபத்து. அவற்றின் மேல்பூச்சு மெல்லியது, பழைய வார்னிஷைக் கரைக்கும் திரவம் அதையும் சேர்த்து எடுத்துவிடும். போனால் இருட்டுக்கு ஆழம் போய்விடும்.

கூட்டம் நாலரைக்கு மேல் குறைந்தது. முதல் ஒரு நிமிடம் தெரிந்தது சுடர் பட்ட முகங்கள் மட்டும். கண் பழகிய பிறகுதான் பின்னால், இருட்டோடு இருட்டாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே காவலர் வந்து, மணி ஐந்து என்றார்.